கல்வாழை எது?

மதுரைப் பக்கம் கல்வாழை என்று சொன்னால், கொல்லையில் தண்ணீர் தேங்குகிற இடத்தில் இடுப்பளவு வளர்ந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற செடியைத்தான் காட்டுவார்கள். நர்சரியில் அதற்குப் பெயர் கன்னா. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது, வாழைக் குடும்பமே இல்லை. உருண்டையான அதன் கறுப்பு விதை கல் மாதிரி இருப்பதால் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அசல் கல்வாழை மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளில் இருக்கிறது. தாவரவியலில் என்செட்டே சூப்பர்பம். அடி பெருத்து மேலே போகப் போகச் சிறுத்த தண்டு, அகலமான இலை, தலைகீழாகத் தொங்கும் பெரிய பூ. நம் வாழைப்பூவில் மடல் ஒவ்வொன்றாக உதிரும், இதில் செம்பழுப்பு மடல்கள் காய் பிடித்த பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். பழத்துக்குள் சதை பேருக்குத்தான், மீதியெல்லாம் கொண்டைக்கடலையை விடப் பெரிய, கோணல்மாணலான விதை. கோடையில் இலையெல்லாம் காய்ந்து பாறை இடுக்கில் கிழங்கு மட்டும் கிடக்கும், தென்மேற்குப் பருவமழை விழுந்ததும் திரும்பத் துளிர்க்கும். பல வருஷம் இப்படியே ஓடி, ஒரே ஒரு தடவை பூத்துக் காய்த்துச் செத்துப்போகும். பக்கக்கன்று கிடையாது. கல்யாண வீட்டில் வாழையடி வாழையாக என்று வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்துக்கு லாயக்கில்லாத வாழை இது!

சரி, கல் எங்கிருந்து வந்தது? பழந்தமிழில் கல் என்றால் மலை என்றும் பொருள். மலையில் வளர்வது, பாறையில் வேர்பிடிப்பது, விதை கல்லாக இருப்பது என மூன்றுமே இதற்குப் பொருந்துகிறது. குமுளி தாண்டினால் மலையாளத்திலும் கல்லுவாழதான். மராத்திக்காரர்களுக்கு இது ரான்கேள், அதாவது காட்டு வாழை.

நாட்டு மருந்துக் கடையில் கல்வாழை விதை என்று சிறுநீரகக் கல்லுக்குக் கேட்டு வாங்குவதும் இதைத்தான். குணமாகுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் பெயர்க் குழப்பத்தில் கன்னா விதையை வாங்கிவிடாதீர்கள்: அது சின்னது, வழவழப்பானது; இதில் ஒரு பக்கம் குழி இருக்கும்.

தாவரவியல் பெயரில் வரும் என்செட் என்பது எத்தியோப்பியச் சொல். அங்கே இதன் உறவுச் செடி ஒன்றின் தண்டையும் கிழங்கையும் சுரண்டிப் புளிக்கவைத்து கொச்சோ என்ற ரொட்டி சுடுகிறார்கள், சுமார் 2 கோடிப் பேருக்கு அதுதான் சோறு. இந்தச் செடிகளை வாழையிலிருந்து பிரித்து 1862-இல் ஹொரனினோவ் என்ற தாவரவியலாளர் தனிப் பேரினமாக, அதாவது தனி இனத்தொகுதியாக, வைத்ததை எல்லோரும் மறந்துவிட, 1947-இல் சீஸ்மன் என்ற இன்னொரு தாவரவியலாளர் திரும்ப நிலைநாட்டினார். செல்லுக்குள் மரபுக்கூறுகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் ஒரு தொகுதியில் வாழைக்கு 10, 11 என்று போகும், இதற்கு 9.

'false banana' என்ற ஆங்கிலப் பெயரைப் பார்த்து இவற்றைப் 'போலி வாழை' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. பழம் தின்ன முடியாவிட்டால் போலியா? நம் மலையில் இருப்பதற்குக் கல்வாழை, எத்தியோப்பியாவில் இருப்பதற்கு அவர்கள் சொல்லையே வைத்து என்செட் வாழை. கொல்லைச் செடியை வேண்டுமானால் பூவாழை என்று சொல்லிக்கொள்ளலாம்.