ஒரே வேதிப்பெயர், இரண்டு பொடிகள்

வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. ஆய்வு மாணவர் ஒருவர் அந்தப் பொடியைத் தானே தயாரித்தால், அதைச் சோதிக்கப் பல்கலைக்கழகத்தின் கருவிக்கூடத்துக்குத்தான் போவார். பெரும்பாலும் அது தரைத்தளத்தில் இருக்கும். மாடியில் வைத்தால், ஆள் நடக்கிற அதிர்வுகூடப் படத்தைக் கலைத்துவிடும்.

முதலில் எலக்ட்ரான் நுண்ணோக்கி. ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே எல்லாம் மங்கல்தான். ஒளியின் அலைநீளமே தடை. 1,00,000 வோல்ட்டில் பாயும் எலக்ட்ரானின் அலைநீளமோ 0.0037 நானோமீட்டர். 1931இல் பெர்லினில் ருஸ்காவும் நோலும் இதற்கான முதல் கருவியைக் கட்டினார்கள். ருஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1986இல்! அவ்வளவு காலம் காக்க வைத்திருக்கக் கூடாது.

ஸ்கேனிங் வகைக் கருவியில், ஏர் உழுவதுபோல எலக்ட்ரான் கற்றை பொடியின் மேல் வரிவரியாக ஓடும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வெளிவரும் எலக்ட்ரான்களின் அளவைக் கொண்டு படம் உருவாகும். காற்று இருந்தால் கற்றை சிதறும், அதனால் உள்ளே வெற்றிடம். மின்சாரம் கடத்தாத பொடியில் மின்னேற்றம் தேங்கிப் படம் கெடும். அதற்காகத் தங்கமோ கார்பனோ மெல்லிசாகப் பூசுவார்கள்.

கற்றை மோதும்போது அணுவின் உள்வட்ட எலக்ட்ரான் ஒன்று தெறித்துப் போகும். அந்தக் காலியிடத்துக்கு வெளிவட்ட எலக்ட்ரான் இறங்கும்போது மிச்ச ஆற்றல் எக்ஸ் கதிராக வரும். டைட்டானியத்துக்கு 4.51 கிலோ எலக்ட்ரான் வோல்ட், இரும்புக்கு 6.40 என்று தனிமத்துக்குத் தனிமம் இந்த ஆற்றல் மாறும். அணு எண்ணோடு இது ஒழுங்காகக் கூடுவதை 1913இல் கண்டவர் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி. இரண்டே ஆண்டில், 27 வயதில், முதல் உலகப் போரின் கலிப்போலி சண்டையில் அவரை இழந்தோம்.

சரி, டைட்டானியமும் ஆக்சிஜனும் இருப்பது தெரிந்துவிட்டது. அது போதாது. ஏனென்றால் அனடேஸ், ரூட்டைல் இரண்டுமே டைட்டானியம் டை ஆக்சைடுதான்; அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. ஒளிவினையூக்கிக்கு, அதாவது ஒளி பட்டதும் வேதிவினையை விரைவாக்கும் பொருளுக்கு, பெரும்பாலும் அனடேஸைத் தேடுவார்கள், பெயின்டுக்கு ரூட்டைலை.

இங்கேதான் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவி வேண்டும். தாமிரத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 0.154 நானோமீட்டர், அணு அடுக்குகளின் இடைவெளியோடு ஒப்பிடத்தக்கது. அடுத்தடுத்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் சில கோணங்களில் மட்டும் ஒன்றுசேர்ந்து வலுக்கும். எந்தக் கோணத்தில் எவ்வளவு வலு என்று வரைந்தால், வலுத்த இடங்கள் முகடுகளாகத் தெரியும். அனடேஸின் உயரமான முகடு 25.3 பாகையில் வரும், ரூட்டைலுடையது 27.4இல். படிகத் துகள் நானோ அளவுக்குச் சிறுத்தால் முகடு அகலும். அந்த அகலத்திலிருந்து துகளின் அளவையும் கணக்கிடலாம்.

அனடேஸ் சூட்டில் ரூட்டைலாக மாறிவிடும். அனடேஸ் வேண்டும் என்று சுட்ட பொடியில் 27.4இலும் முகடு எழுந்தால் உலையின் சூடு கூடிப்போயிருக்கலாம். அடுத்த முறை வெப்பத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.