இருட்டில் மீளும் நீலம்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தாத்தா கட்டிடக் கலைஞர். அவர் விட்டுப்போன புளூபிரின்ட் (நீலத் தாளில் வெள்ளைக் கோடாக எடுத்த வரைபடப் படி) சுருள்களை, பழைய ஆவணங்களுக்கென்றே விற்கும் விலை உயர்ந்த உறையில் போட்டு வைத்தேன். சில வருடம் கழித்துப் பிரித்தால் நீலம் வெளுத்து, அங்கங்கே மஞ்சளும் பழுப்புமாக இருக்கிறது. உறை போலியா?"

போலி இல்லை. நல்ல உறைதான், அதுதான் வினையே.

புளூபிரின்ட் எப்படி உருவாகிறது என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரும்பு உப்புகள் இரண்டையும் நீரில் கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். அதன்மேல் மையால் வரைந்த டிரேசிங் தாளை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் சிட்ரேட் ஓர் எலக்ட்ரானை இரும்புக்குக் கொடுத்துவிடும். அந்த இரும்பு ஃபெரிசயனைடுடன் சேர்ந்து நீரில் கரையாத பிரஷ்யன் நீலம் என்ற நிறமியாகும். மைக்கோடு வெயிலை மறைத்த இடத்தில் மருந்து அப்படியே கிடக்கும், தண்ணீரில் அலசினால் போய்விடும். நீலத்தில் வெள்ளைக் கோடு வந்தது இப்படித்தான்.

தாள் நனைந்து காயும்போது கொஞ்சம் சுருங்கும், கோணும். அதனால்தான் வரைபடத்தை அளந்து பார்க்காதே, எழுதியிருக்கும் அளவையே எடுத்துக்கொள் என்று மூலையில் குறிப்பு எழுதும் வழக்கம்.

சரி, நீலத்துக்கு வருவோம். எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை. பிரஷ்யன் நீலத்தின் படிகத்தில் இரண்டு வகை இரும்பு உண்டு. ஒன்றிடம் ஓர் எலக்ட்ரான் கூடுதலாக இருக்கும், பக்கத்தில் இருப்பதிடம் ஒன்று குறைவு. நடுவே கார்பனும் நைட்ரஜனும் கைகோத்த சயனைடுப் பாலம். (சயனைடு என்றதும் பயப்பட வேண்டாம், இரும்பு அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. தாலியம் நஞ்சுக்கு மருந்தாகக் கொடுப்பதே இந்த நீலத்தைத்தான்.) சிவப்பு ஒளி விழுந்தால், அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு எலக்ட்ரான் ஓர் இரும்பிலிருந்து மற்றதற்குத் தாவுகிறது. சிவப்பு அதில் செலவாகிவிட, நம் கண்ணுக்கு வருவது நீலம்.

நீண்ட நேரம் ஒளி பட்டால் சுற்றியிருக்கும் தாளிலிருந்தும் எலக்ட்ரான்கள் வந்து சேரும். இரண்டு வகை இரும்பும் ஒரே வகையாகிவிட்டால் தாவ இடமில்லை, நிறமும் இல்லை. வெளுத்துப்போகும். ஆனால் அதே தாளை இருட்டில் வைத்துப் பாருங்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தக் கூடுதல் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ள, நீலம் மெல்ல மெல்லத் திரும்பி வரும், முழுவதும் இல்லாவிட்டாலும் பெருமளவு. பல ஓவியங்களைக் காப்பாற்றும் ஆக்சிஜன் இல்லாத கண்ணாடிப் பெட்டி இதற்கு ஆகாது. மூச்சுவிட வேண்டிய நிறம் இது.

அப்படியானால் அந்த உறை என்ன செய்தது? சாதாரணப் பழைய தாளுக்கு எதிரி அமிலம். அதை முறிக்க, காப்பக உறைகளில் கால்சியம் கார்பனேட் கலப்பார்கள். காரத்தன்மை உள்ள பொருள். பிரஷ்யன் நீலம் கொஞ்சம் அமிலத்தைத் தாங்கும், காரத்தைத் தாங்காது. ஈரப்பதமும் சேர்ந்தால் படிகம் உடைந்து, இரும்பு துருவைப் போன்ற மஞ்சள் பழுப்புப் பொருளாகிவிடும்.

வரைவாளர்களுக்கு இது அந்தக் காலத்திலேயே தெரியும். அச்சான புளூபிரின்டில் ஒரு சுவரை மாற்ற வேண்டுமா? சலவைச் சோடாவைக் கரைத்து, பேனாவைத் தோய்த்து, நீலத்தின்மேல் எழுதுவார்கள். சோடா பட்ட இடம் வெளுத்து, வெள்ளைக் கோடாக நிற்கும். அவர்கள் ஒரு நொடியில் செய்ததை உங்கள் உறை வருடக்கணக்கில் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டிடக் கலைஞர்களின் காகிதங்களைச் சேர்த்து வைப்பவர்களுக்கு இதுதான் தலைவலி. ஒரே சுருளில் டிரேசிங் தாள், புளூபிரின்ட், அதற்குப் பின் வந்த டையஸோ என்ற வேறு முறைப் படி எல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பத்தியம். பிரித்து அடுக்க வேதியியல் தெரிந்த ஆள் வேண்டும், அகலமான இழுப்பறை வேண்டும். ஆனால் பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்யத்தான் கொடுக்கிறார்கள். ஸ்கேன் செய்தால் படம் கிடைக்கும். எந்தச் சுவரைச் சோடா தொட்டுத் திருத்தினார்கள், எது வெயிலில் வெளுத்தது என்று தாளிடம்தான் கேட்க முடியும்.

உங்கள் சுருளுக்கு வருகிறேன். காரம் சேர்க்காத நடுநிலைத் தாளில் மாற்றி, உலர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். வெளிச்சத்தில் போன நீலம் கொஞ்சம் திரும்பலாம், பழுப்பான இடம் திரும்பாது. அப்புறம், வெளிறிய பின்னணியில் நீலமோ ஊதாவோ கோடு போட்ட தாள் ஏதாவது கூடவே சுருண்டிருந்தால் அது டையஸோ. அது வெளிவிடும் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதற்குத் தனிப் பெட்டி.