பச்சை எலுமிச்சை என்று ஒன்று உண்டா?

ஆங்கிலச் சமையல் குறிப்புகளைத் தமிழாக்குகிறவர்கள் பலர், 'லெமன்' என்றால் எலுமிச்சை என்றும் 'லைம்' என்றால் பச்சை எலுமிச்சை என்றும் எழுதிவிடுகிறார்கள். இது தலைகீழ். நம் சந்தையில் கூறு கட்டி விற்கும் சிறிய, உருண்டையான, மெல்லிய தோல் எலுமிச்சைதான் லைம். வேளாண்மையில் அதற்கு 'ஆசிட் லைம்' என்று பெயர். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 என்ற ரகம் அந்த வகையே. ஈழத்தார் தேசிக்காய் என்பதும் இதைத்தான். லெமன் வேறு இனம்: நீள்வட்ட வடிவம், தடித்த தோல், நுனியில் ஒரு குமிழ். உணவகப் பலகையில் 'லெமன் ரைஸ்' என்று எழுதியிருந்தாலும் அதில் பெரும்பாலும் லெமன் இருப்பதில்லை.

பிறகு இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? மேலை நாட்டுக் கடைகளில் லைமைப் பழுக்குமுன்பே பறித்து விற்கிறார்கள், அவ்வளவுதான். மரத்திலேயே விட்டால் அதுவும் மஞ்சளாகும். லெமனும் முற்றும்வரை பச்சைதான். தமிழில் இதற்குக் குழப்பமே இல்லை: பச்சையாக இருந்தால் எலுமிச்சங்காய், மஞ்சளானால் எலுமிச்சம்பழம். நிறம் பருவத்தைச் சொல்கிறது, இனத்தை அன்று. அதிலும் சாத்துக்குடி நம்மை ஏமாற்றும். தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே இனித்துக் கிடக்கும். தோலின் பச்சையம் சிதைய இரவுக் குளிர் வேண்டும், வெப்ப நாட்டில் அது போதாது.

லைம், லெமன் இரண்டுமே அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொற்கள். அவற்றுக்கு முன்னால் நிற்பது பாரசீக 'லீமூ'. (ஆரஞ்சு என்ற சொல்லின் வேரை நம் நாரத்தையோடு இணைப்பார்கள், அது தனிக் கதை.) ஆங்கிலேயரே இந்த இரண்டையும் நெடுங்காலம் குழப்பினார்கள். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்க லெமன் சாறு குடித்துவந்த அவர்களுடைய கடற்படை, 1860களில் மேற்கிந்தியத் தீவு லைமுக்கு மாறியது. லைமில் வைட்டமின் சி குறைவு. 1875இல் வட துருவம் நோக்கிப் புறப்பட்ட கப்பல்களில் லைம் சாறு இருந்தும் ஸ்கர்வி வந்தது.

ஆகவே லைமுக்கு எலுமிச்சை என்பதே போதும், அடைமொழி வேண்டாம். அடைமொழி லெமனுக்குத்தான் தேவை. வெளியிலிருந்து வந்த மரத்துக்கும் செடிக்கும் நாம் வழக்கமாக வைக்கும் 'சீமை' இங்கும் பொருந்தும்: சீமை எலுமிச்சை.