செவிலியருக்கான தேசிய விருதும் நோயாளி எழுத வேண்டிய கடிதமும்

மருத்துவமனையில் நம்மை அக்கறையோடு கவனித்துக்கொண்ட செவிலியரை அரசே பாராட்டுவதற்கு ஒரு விருது இருக்கிறது. மத்திய சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சகம் 1973இல் ஏற்படுத்திய தேசிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் விருதுதான் அது. குடியரசுத் தலைவர் கையால் வழங்கப்படுகிறது. 2024ஆம் ஆண்டு விருதை 15 பேர் பெற்றார்கள். ஒவ்வொருவருக்கும் தகுதிச் சான்றிதழ், பதக்கம், ஒரு லட்சம் ரூபாய். நவீனச் செவிலியர் பணிக்கு அடித்தளமிட்ட நைட்டிங்கேல் பிறந்த மே 12ஆம் தேதி உலகச் செவிலியர் தினம் என்றாலும் விருது விழா அன்றே நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2024ஆம் ஆண்டின் விழா செப்டம்பர் 11 அன்றுதான் நடந்தது.

இதே பெயரில் செஞ்சிலுவை இயக்கம் வழங்கும் பன்னாட்டுப் பதக்கம் ஒன்றும் உண்டு. அது 1912இல் உருவாக்கப்பட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மத்திய, மாநில, யூனியன் பிரதேச அரசுப் பணியிலும் தன்னார்வ அமைப்புகளிலும் இருக்கும் செவிலியர்களுக்கானது இந்தத் தேசிய விருது. பெரிய மருத்துவமனையின் வார்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்குள் வீடு வீடாகப் போகும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் இதில் இடம் உண்டு. அந்தமானில் ஓங்கே பழங்குடி மக்களிடையே பணியாற்றிய துணைச் செவிலியர் சாந்தி தெரசா லக்ரா இதைப் பெற்றவர்; 2011இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. கேரளத்தில் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நிபா நோயாளியைக் கவனித்து, அந்தத் தொற்றுக்கே ஆளாகி 2018 மே மாதம் இறந்த செவிலியர் லினிக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அவருடைய கணவர் வந்து பெற்றுக்கொண்டார்.

இத்தகைய பெயர்களைப் பார்த்து, உயிரைக் கொடுத்தால்தான் விருது என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வார்டில் அன்றாடம் நடக்கும் பரிவும் கணக்கில் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குத் தடையாக இருப்பது பதிவேடு. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். புரட்டிய நேரம் பதிவேட்டில் ஏறும். திரைச்சீலையை இழுத்து மூடியதும், “ஐயா, இப்போது இடப்பக்கம் திருப்பப் போகிறேன், என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுத் தொட்டதும் எந்தப் பக்கத்திலும் ஏறாது. அதைப் பார்த்தவர்கள் நோயாளியும் கூட இருந்த உறவினரும் மட்டுமே.

விருதுக்கான பரிந்துரை, செவிலியர் பணிபுரியும் நிறுவனத்திலிருந்து மாநில அரசு வழியாக மத்திய அமைச்சகத்துக்குப் போகிறது. பரிந்துரைப்பவருக்கு அந்தச் செவிலியரின் பணிக்காலம் தெரியும், பயிற்சிகள் தெரியும். உங்கள் படுக்கையருகில் நடந்தது நீங்கள் எழுதினால்தான் தெரியும். கடிதம் எழுதியதாலேயே விருது கிடைத்துவிடாது. ஆனாலும் தேர்வுக்குப் பெயர் யோசிக்கும் நாளில் கோப்பில் அது இருக்கும்.

எப்படி எழுதுவது? அரசு மருத்துவமனை என்றால் அதன் முதல்வருக்கோ (டீன்) கண்காணிப்பாளருக்கோ, ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் அங்குள்ள மருத்துவ அலுவலருக்கோ எழுதலாம். செவிலியர் கண்காணிப்பாளருக்கு ஒரு நகல் கொடுங்கள். தமிழில் ஒரு பக்கம் போதும். “சிஸ்டர் மிகவும் நல்லவர், தங்கமானவர்” என்று எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். அப்படி எழுதினால் யாரைப் பற்றியும் எழுதியதாக ஆகாது. என்ன நடந்தது என்று எழுதுங்கள்: அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு அம்மா பயந்து அழுதபோது, மறுநாள் என்னென்ன செய்வார்கள் என்று ஒவ்வொன்றாக அவருக்கு விளக்கினார், மயக்கம் தெளிந்ததும் வலி எங்கே, எவ்வளவு என்று கேட்டு உடனே மருத்துவரை அழைத்தார். இப்படி இரண்டு நிகழ்ச்சிகள் இருந்தால், படிக்கிற அதிகாரிக்கு அந்தச் செவிலியரின் வேலை கண்முன் தெரியும். உங்கள் பெயரையும் கையொப்பத்தையும் போடுங்கள். மொட்டைக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

நன்றி சொல்கிறேன் என்று பணமோ விலை உயர்ந்த பொருளோ கொடுக்காதீர்கள். அரசு ஊழியர் அதை வாங்குவது நடத்தை விதிகளுக்கு எதிரானது. நல்லவருக்கு நம்மால் சிக்கல் வரக்கூடாது.

பெயர் தெரியவில்லையே என்று விட்டுவிடவும் வேண்டாம். வார்டு, படுக்கை எண், தேதி, காலை, பிற்பகல், இரவு என்று எந்தப் பணிநேரம் என்பதையும் குறிப்பிட்டால், அன்று பணியில் இருந்தவர் யார் என்பதைப் பணிப் பட்டியலைப் பார்த்து அலுவலகத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு நகலை அந்தச் செவிலியரிடமே கொடுத்துவிட்டால் அவரும் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வார்.