தன்னுடல் தாக்குநோய்: ‘எதிர்ப்பு சக்தி குறைவு’ என்று சொல்லாதீர்கள்

“ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி குறைஞ்சு கிடக்குன்னு எழுதியிருக்காங்க. இப்ப அதை இன்னும் குறைக்க மாத்திரை கொடுக்கிறாங்க. இது என்ன நியாயம் அண்ணே?”

போன மாதம் என் சித்தி மகள் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. அவளுடைய மகளுக்கு லூபஸ்; உடலின் எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடலையே தாக்கும் நோய். மருத்துவமனையில் கொடுத்த தமிழ்க் கையேட்டில் ‘ஆட்டோ இம்யூன், அதாவது நோய் எதிர்ப்பு சக்திக் குறைபாட்டு நோய்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படித்துக் குழம்பி, நான்கு நாள் மாத்திரையை நிறுத்தியும் விட்டாள். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இந்தத் தவறான பெயரைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் நாளிதழ் இணைப்புகளிலும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஒரு சொல் ஒரு பெண்ணின் மருந்தை நிறுத்திவிட்டது என்றான பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சொல்லின் வேர். ‘ஆட்டோ’ கிரேக்கம், ‘தான்’ என்று பொருள். ‘இம்யூன்’ இலத்தீன். ‘மூனஸ்’ என்றால் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை, கட்ட வேண்டிய வரி. அதிலிருந்து விலக்குப் பெற்றவர் ‘இம்யூனிஸ்’. நம் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’க்கு மிக நெருக்கமான சொல். அம்மை வந்து பிழைத்தவருக்கு மறுபடி அம்மை வருவதில்லை என்பதால், நோயிலிருந்து விலக்குப் பெற்றவர் என்ற பொருளில் மருத்துவம் அதை எடுத்துக்கொண்டது. தமிழில் அது ‘எதிர்ப்பு’ ஆனது. விலக்கு போய்ச் சண்டை வந்துவிட்டது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்ட ‘சக்தி’யில்தான். சக்தி என்றதும் அது அளக்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது. கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது. உடலுக்குள் நடப்பது அப்படியில்லை. வெள்ளணுக்களின் முதல் வேலை அடையாளம் காண்பது: இது என்னுடையது, இது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்தறிவது. லூபஸில் கெட்டுப்போவது அந்தப் பிரித்தறிவு. உயிரணுவின் கருவுக்குள் இருக்கும் சொந்த டிஎன்ஏவையே எதிரியாக எண்ணி, வெள்ளணுக்களில் ஒரு வகையான பி அணுக்கள் அதற்கு எதிராக எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) உருவாக்குகின்றன. அவை சிறுநீரகத்தில் போய்ப் படிகின்றன; மூட்டு வீங்குகிறது; கன்னங்களிலும் மூக்கின் மேலும் பட்டாம்பூச்சி விரித்த மாதிரி சிவந்து தடிக்கிறது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள். இங்கே குறைந்து கிடப்பது எது? எதிர்ப்பு தவறான இடத்தில் பொங்கி வழிகிறது. ஆகவே அதை அடக்க மருந்து. இந்த ஒரு வரி புரிந்திருந்தால் அவள் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டாள்.

‘நோய் எதிர்ப்புக் குறைபாடு’ என்ற பெயர் ஏற்கெனவே வேறு நோய்களுக்குச் சொந்தம். பிறவியிலேயே வெள்ளணுக்கள் சரியாக அமையாத குழந்தைகளுக்கும் எய்ட்ஸுக்கும் உரிய பெயர் அது. அதையே லூபஸுக்கும் வைத்தால் என்ன ஆகும்? கையேட்டைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, “அந்த நோய் மாதிரியா?” என்று தணிந்த குரலில் கேட்டிருக்கிறார். லூபஸ் தொற்று நோயே அல்ல. கல்யாண வயதை நெருங்கும் பெண்ணைப் பற்றி ஊரில் இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் அதன் வலி எவ்வளவு என்பதை மொழிபெயர்த்தவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

குறைவு என்று கேள்விப்பட்டால் கூட்டத்தான் எல்லாருக்கும் தோன்றும். உறவினர்கள் அன்போடு சத்துப்பொடியும் சீந்தில் சாறும் வாங்கி வந்தார்கள். கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். உடல் தன் கல்லீரலையே தாக்கும் அறிகுறிகள் அவர்களிடம் தெரிந்தன. ஆயுஷ் அமைச்சகம் அந்த ஆய்வை மறுத்தது. அந்தச் சர்ச்சை எப்படியும் போகட்டும்; எதிர்ப்பைத் தூண்டும் என்று சொல்லி விற்கும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் லூபஸ் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. இந்த எச்சரிக்கை நோயின் பெயரிலேயே அடங்கியிருக்க வேண்டாமா?

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அடக்கும் மருந்துகளைச் சாப்பிடும்போது தொற்று எளிதாக வரும் என்பது உண்மை. ஆனால் அது மருந்தின் விளைவு. நோயின் பெயர் அல்ல.

மற்ற ஆக்கங்களையும் பார்ப்போம். ‘தானியங்கி நோய் எதிர்ப்பு நோய்’: ‘ஆட்டோ’வைக் கண்டதும் ‘ஆட்டோமேட்டிக்’ என்று எண்ணிக்கொண்ட மொழிபெயர்ப்பு, விவாதிக்கவே வேண்டியதில்லை. ‘சுய நோய் எதிர்ப்பு’ என்றால் மருந்தே இல்லாமல் தானாக நோயை எதிர்க்கும் வலிமை என்று தோன்றுகிறது, கேட்பவர் மகிழ்ந்துபோவார். ‘தன்னெதிர்ப்பு நோய்’ மோசமில்லை, சுருக்கமும்கூட. ஆனால் எதிர்ப்பது உடலா மனமா என்ற மயக்கம் அதில் உண்டு. ‘தன்னுடல் தாக்குநோய்’ சற்று நீளம்தான். என்றாலும் யார், யாரை, என்ன செய்கிறார் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. பெண்ணின் மருத்துவக் கோப்பின் மேல் அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை வாசித்துவிட்டு, “தாக்குதுன்னா, அதை அடக்கத்தான் இந்த மாத்திரையா?” என்று கேட்டார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இலங்கைப் பாடநூல்களில் எதிர்ப்பொருளுக்குப் ‘பிறபொருளெதிரி’ என்று பெயர். எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் லூபஸில் எதிரியாகி நிற்பது பிறபொருள் அல்ல, தன்பொருள். அங்கே அந்தச் சொல் தடுமாறுகிறது. மேலை மருத்துவமும்கூட இதில் தடுமாறியதுதான். உடல் தன்னையே தாக்கிக்கொள்வதை அஞ்சி விலக்கும் என்று 1900 வாக்கில் ஜெர்மன் மருத்துவ அறிஞர் பவுல் எர்லிக் சொன்னார். அந்தக் கருத்தைக் கடந்து வர மருத்துவத்துக்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

‘லூபஸ்’ என்ற சொல்லை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. இலத்தீனில் ஓநாய். முகத்தில் ஓநாய் கடித்தது போன்ற புண்களுக்கு இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் வைத்த பெயர். அதே பெயரில் தோல் காசநோய் ஒன்றும் உண்டு; அதற்கு ஒளி சிகிச்சை கண்ட மருத்துவர் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். நம் நோய்க்கு ‘சிவந்த லூபஸ்’ என்ற பொருளில் பெயர் வைத்தவர் பிரான்சின் தோல் மருத்துவர் கசனாவ், 1851இல். இந்த இரண்டு நோய்களுக்கும் தொடர்பே இல்லை. ‘ஓநாய் நோய்’ என்று பெயர்த்தால் பயம்தான் மிஞ்சும். நோயின் முழுப் பெயரில் லூபஸுக்கு முன்னால் வரும் ‘சிஸ்டமிக்’ என்பதை மட்டும் கட்டாயம் பெயர்க்க வேண்டும், ஏனென்றால் கைபேசி மொழிபெயர்ப்பு அதை ‘முறையான லூபஸ்’ என்கிறது. ‘உடல்தழுவிய லூபஸ்’ என்றால் போதும்.

அப்புறம், புதிய சிகிச்சைகள் வந்துகொண்டிருக்கின்றன. பெயர்க் குழப்பமும் கூடவே வருகிறது. ஜெர்மனியின் எர்லாங்கனில் கேயார்க் ஷெட் குழுவினர் 2021இல் 20 வயதுப் பெண் ஒருவருக்குக் ‘கார்-டி’ சிகிச்சை அளித்தார்கள். நோயாளியின் டி அணுக்களை (இன்னொரு வகை வெள்ளணு) எடுத்து, பி அணுக்களை அடையாளம் கண்டு அழிக்கும்படி மரபணுவில் மாற்றி, திரும்பச் செலுத்துவது அது. 2022இல் ஐந்து லூபஸ் நோயாளிகளின் முடிவுகள் வெளியாயின. ஐவருக்கும் நோய் அடங்கியது; மற்ற மருந்துகளை நிறுத்த முடிந்தது. சராசரியாக 110 நாளில் எலும்பு மச்சையிலிருந்து பி அணுக்கள் புதிதாக முளைத்து வந்தன. பழைய பகை அவற்றிடம் இல்லை. நோயாளிகள் மிகச் சிலர், காலமும் குறுகியது. ஆகவே ‘குணமாகிவிட்டது’ என்று எழுதாமல் ‘நோய் அடங்கியிருக்கிறது’ என்றே எழுத வேண்டும். இந்தியாவில் 2023இல் அனுமதி பெற்ற முதல் கார்-டி இரத்தப் புற்றுநோய்களுக்கானது, லூபஸுக்கு அல்ல.

கார்-டி போலவே உயிரணுக்களைக் கொண்டு செய்யும், ஆனால் சிதைந்த திசுவை மறுபடி உருவாக்க முயலும் இன்னொரு வகை மருத்துவத்துக்கு ‘மறுபிறவி சிகிச்சை’, ‘புத்துயிர் சிகிச்சை’ என்றெல்லாம் விளம்பரங்கள் வருகின்றன. செத்துப் பிழைப்பது போன்ற ஆசையை அவை கிளப்புகின்றன. ‘மீளுருவாக்க மருத்துவம்’ என்பது அடக்கமான, சரியான சொல். அதே விளம்பரங்களில், மற்ற வகை உயிரணுக்கள் பிறக்கும் தாய் அணுவான ‘ஸ்டெம் செல்’ என்பது ‘தண்டு செல்’ ஆகியிருக்கிறது. 1868இல் உயிரியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லை ஆக்கியபோது மனத்தில் இருந்தது வம்சாவளி மரம், கீரைத்தண்டு அல்ல. ‘மூல உயிரணு’ என்றால் அந்தப் பொருள் வந்துவிடும். ‘குருத்தணு’ என்ற ஆக்கம் அதைவிட எனக்கு நெருக்கம். வாழையை வெட்டிப் போட்ட மறுநாள் பாருங்கள், வெட்டுவாயின் நடுவிலிருந்து பச்சையாய் எழும்பி நிற்பது குருத்துதான்.