திமிங்கலத்தை அளக்க ஒரு சொடுக்கு

தூத்துக்குடிப் பக்கம் திமிங்கல எச்சம் பிடிபட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு நாலைந்து கேள்விகளாவது வந்துவிடும். பெரும்பாலும் விலை பற்றித்தான். சென்ற மாதம் ஒரு வாசகர் கேட்டது வேறு மாதிரி இருந்தது. “ஸ்பெர்ம் திமிங்கலம் முக்கால் மணி நேரம் மூச்சடக்கி ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இரை தேடும் என்கிறீர்கள். பெண் இத்தனை மீட்டர், ஆண் இத்தனை மீட்டர் என்றும் எழுதுகிறீர்கள். செத்துக் கரை ஒதுங்கியதை நாடா பிடித்து அளக்கலாம். உயிரோடு நீந்துவதை யார் போய் அளந்தார்கள்?”

யாரும் பக்கத்தில் போகத் தேவையில்லை. அது மூக்கால் எழுப்பும் சத்தத்தைக் கேட்டே நீளத்தைச் சொல்லிவிடலாம். கடல் அறிவியலில் இதைவிட அழகான ஒரு முறையை நான் பார்த்ததில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் வேகமாகக் கடந்து, அந்த மூக்குக்குள் போய்க் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

அதற்கு முன் அந்த எச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செய்தித்தாள்கள் அதை உமிழ்நீர் என்றும் வாந்தி என்றும் எழுதுகின்றன. இரண்டும் சரியில்லை. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் முக்கிய உணவு கணவாய். கணவாய்க்குக் கிளி மூக்கு போல ஓர் அலகு உண்டு, அது செரிக்காது. சில திமிங்கலங்களின் குடலில் அந்த அலகுகளைச் சுற்றி மெழுகு மாதிரி திரளும் கட்டிதான் அம்பர்கிரிஸ். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சாப்பிட்டால் வீரியம் கூடும் என்ற பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பேச்சை நம்பிக் காசு பார்க்கலாம் என்று போய் வழக்கில் மாட்டிக்கொள்ளும் இளைஞர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

இனி கடலுக்குள் போவோம். அங்கே கண்ணுக்கு வேலை குறைவு. 200 மீட்டரைத் தாண்டினால் ஏறக்குறைய இருட்டு. 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி போய்ச் சேர்வதே இல்லை. ஒலிக்கு அந்தத் தடை கிடையாது. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, கடல்நீரில் 1,500 மீட்டர் போகும். வழியில் தேய்வதும் மிகக் குறைவு. 1960 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அப்பால் கடலுக்குள் வெடிவைத்தார்கள். ஏறத்தாழ 3 மணி 40 நிமிடம் கழித்து அந்த ஒலி, பூமிப் பந்தின் மறுபக்கம் என்றே சொல்லக்கூடிய பெர்முடா தீவருகே இருந்த கருவிகளில் வந்து விழுந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வாழும் பாலூட்டி, பார்ப்பதைவிடக் கேட்பதை நம்பி வாழ்வதில் வியப்பில்லை. அதை ஆராய்பவரும் காதைத்தான் தீட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தக் காதின் பெயர் ஹைட்ரோஃபோன். அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டர் உங்கள் வீட்டிலேயே இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் பீசோ பீங்கான் துண்டு அடிபட்டு மின்பொறி பிறக்கிறது. ஹைட்ரோஃபோனில் இருப்பதும் அதே குணமுள்ள பீங்கான்தான். கடல்நீரில் வரும் ஒலியலை அதை மெல்ல அமுக்கி அமுக்கி விட, அதற்கேற்ற சிறு மின்னழுத்தம் கம்பியில் ஏறுகிறது. பிறகு பெருக்கி, பதிவு செய்தால் ஆயிற்று.

நீலத் திமிங்கலத்தின் குரல் 20 ஹெர்ட்ஸை ஒட்டிய அடித்தளத்தில் இருக்கும்; நம் காதுக்கு எட்டியும் எட்டாததுமான இடம். ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், இரை தேட எழுப்பும் ஒலியோ ஒரு லட்சம் ஹெர்ட்ஸைத் தாண்டும். அது நமக்குக் கேட்கவே கேட்காது. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்த முத்திரை இருப்பதால், ஆளே இல்லாமல் கருவியை மட்டும் கடலடியில் போட்டுவைத்து, யார் யார் அந்தப் பக்கம் வந்துபோனார்கள் என்று பிறகு ஆற அமரப் படித்துக்கொள்ளலாம். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க இந்தியப் பெருங்கடலில் டீகோ கார்சியா தீவருகே போட்ட ஹைட்ரோஃபோன்களின் பழைய பதிவுகளைத் துழாவியே, அதுவரை யாரும் அறியாத ஒரு நீலத் திமிங்கலக் கூட்டத்தின் பாட்டை 2021இல் அடையாளம் காட்டினார்கள். அவ்வளவு பெரிய விலங்கு. கண்ணில் படாமல் காதில் மட்டும் பட்டிருக்கிறது.

இப்போது ஸ்பெர்ம் திமிங்கலம். இதன் ஒலி நம் காதுக்கே நன்றாகக் கேட்கும். அந்தக் காலத்து மரக்கப்பல் மாலுமிகள் கப்பலின் அடிப்பலகை வழியாக டக், டக் என்று சீராகச் சுத்தியல் தட்டுவது போன்ற சத்தத்தைக் கேட்டு, கீழே ஏதோ தச்சன் மீன் இருக்கிறது என்று நம்பினார்கள். அந்தத் தச்சர் ஸ்பெர்ம் திமிங்கலம்தான் என்பது அறிவியல் ஏட்டில் பதிவானது 1957இல். ஆழத்தில் இரை தேடும்போது நொடிக்கு ஒன்றிரண்டு சொடுக்கு வீதம் போட்டுக்கொண்டே போகும். கணவாயை நெருங்கிவிட்டால் சொடுக்குகள் நெருங்கி நெருங்கி, கீல் காய்ந்த கதவைத் திறப்பது மாதிரி ‘கிர்ர்’ என்று ஒரே இழுப்பாகிவிடும். சட்டென்று அமைதி. பிறகு மறுபடி டக், டக்.

வளர்ந்த ஆணின் உடலில் மூன்றில் ஒரு பங்கு தலை. தலையில் பெரும்பங்கு மூக்கு. நம்மைப் போலவே அதற்கும் இரண்டு நாசி வழிகள் உண்டு. இடது வழி மூச்சுக்கு. வலது வழி ஒலிக்கருவியாகவே மாறிவிட்டது. தலையின் முன்நுனியில் அந்த வலது வழி முடியும் இடத்தில் தடித்த இரண்டு உதடுகள். அவற்றுக்குக் குரங்கின் முகவாய் என்று பிரெஞ்சு மொழியில் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கோ நாதஸ்வரத்தின் சீவாளிதான் நினைவுக்கு வரும். உள்ளிருந்து காற்று தள்ள, இரண்டு உதடுகளும் பிரிந்து பட்டென்று அறைந்துகொள்ளும். அதுதான் சொடுக்கின் பிறப்பு. காற்று வெளியே போவதில்லை. முன்னால் இருக்கும் ஒரு பையில் சேர்ந்து, மறுபடி உள்ளே இழுக்கப்பட்டு, அடுத்த சொடுக்குக்குப் பயன்படும்.

பிறந்த ஒலி முதலில் கடலை நோக்கிப் போவதில்லை. பின்னால், மண்டையோட்டை நோக்கிப் போகிறது. வழி நெடுக ஸ்பெர்மசெட்டி என்ற எண்ணெய் நிறைந்த நீண்ட பீப்பாய் போன்ற ஓர் உறுப்பு. குளிர்ந்தால் மெழுகாக உறையும் இந்த எண்ணெய்க்காகத்தான் லட்சக்கணக்கான திமிங்கலங்களை வேட்டையாடினார்கள். ஒளியின் செறிவுக்குக் கேண்டிலா என்ற அலகைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதன் முன்னோடியான பிரிட்டிஷ் அலகு, இந்த ஸ்பெர்மசெட்டி மெழுகுவர்த்தி ஒன்று தரும் வெளிச்சத்தை வைத்தே வரையறுக்கப்பட்டது.

எண்ணெய்ப் பீப்பாயின் பின்முனையில், மண்டையோட்டின் மேல் ஒட்டியபடி இன்னொரு காற்றுப்பை. எண்ணெயில் வரும் ஒலி காற்றில் முட்டினால் என்ன ஆகும்? இரண்டின் அடர்த்தியும் ஒலிவேகமும் மலைக்கும் மடுவுக்கும் போல வேறுபடுவதால், கிட்டத்தட்ட முழு ஒலியும் திரும்பிவிடும். ஆக, அந்தப் பை ஒலிக்கு நிலைக்கண்ணாடி. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீரழுத்தம் மேலே இருப்பதைப் போல நூறு மடங்கு. காற்று நூறில் ஒரு பங்காகச் சுருங்கிப் போகும். அப்போதும் அந்த மெல்லிய காற்றுப் படலம் கண்ணாடி வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. திரும்பும் ஒலி, பீப்பாய்க்குக் கீழே வில்லைகள் அடுக்கியது போன்ற கொழுப்புத் திசு வழியாகக் குவிந்து, ஒரே கற்றையாக முன்னால் கடலுக்குள் பாய்கிறது.

நார்வே கடலில் அளந்தபோது அந்தக் கற்றையின் உச்சம் 236 டெசிபல் வந்தது. ராக்கெட்டைவிடச் சத்தம் என்று இணையத்தில் பரப்புவது இதை வைத்துத்தான். நீரில் டெசிபலுக்கு வைத்திருக்கும் அடிப்படை அளவு வேறு. நீரின் தன்மையும் வேறு. காற்றுக் கணக்கோடு ஒப்பிட ஏறத்தாழ 62 கழிக்க வேண்டும். கழித்த பிறகும் அது பிரமிக்க வைக்கும் ஓர் எண்தான். மிகைப்படுத்த அவசியமே இல்லை.

இப்போது நான் நிற்க விரும்பிய இடம். பின்பையில் பட்டுத் திரும்பும் ஒலியில் ஒரு பங்கு கடலுக்குப் போகாமல் பீப்பாய்க்குள்ளேயே முன்னோக்கி ஓடுகிறது. முன்பையில் முட்டி, மறுபடி பின்னால் வருகிறது. பின்பையில் முட்டி, அதிலும் ஒரு பங்கு கடலுக்குத் தப்பிக்கிறது. எஞ்சியது மீண்டும் முன்னே. ஒவ்வொரு சுற்றுக்கும் வலு குறையும்; சுற்றுக்கு ஆகும் நேரம் மட்டும் மாறாது. ஆகவே நாம் ஒரு ‘டக்’ என்று கேட்பது உண்மையில் மூன்று, நான்கு துடிப்புகளின் வரிசை. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி சில மில்லிநொடிகள். நம் காது அவற்றைப் பிரித்தறியாது. கணினித் திரை பிரித்துக் காட்டிவிடும்.

கிணற்றில் குனிந்து கூப்பிட்டு, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்வதுதான் இதுவும். இங்கே கிணறு திமிங்கலத்தின் தலைக்குள் இருக்கிறது, கூப்பிடுவதும் திமிங்கலமே. எண்ணெயில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,400 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இடைவெளி தெரிந்தால் பீப்பாயின் நீளம் தெரியும். பீப்பாய் தெரிந்தால் தலை. தலை தெரிந்தால் உடல். இந்தச் சாத்தியத்தை நாரிஸ், ஹார்வி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1972லேயே சுட்டிக்காட்டினார்கள். ஆனால் தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தை உயிருள்ள திமிங்கலங்களில் சரிபார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சரிபார்த்தது நமக்கு அருகில், இலங்கைக் கடலில். 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற சிறிய பாய்மரப் படகில் ஆய்வாளர்கள் அங்கே ஸ்பெர்ம் திமிங்கலங்களோடு மாதக்கணக்கில் திரிந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜோனதன் கார்டன், பாய்மரத்தின் மேலிருந்து திமிங்கலத்தைப் படம் பிடித்தார். கேமரா நீரிலிருந்து எவ்வளவு உயரம் என்பது தெரியும். படத்தில் அடிவானக் கோட்டுக்கும் திமிங்கலத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பது கிடைக்கும்; தூரம் கிடைத்தால் நீளம் கிடைக்கும். அதே திமிங்கலம் வாலைத் தூக்கி முங்கியதும் ஹைட்ரோஃபோனில் அதன் முதல் சொடுக்குகளைப் பதிவு செய்தார். முங்கும் திமிங்கலம் படகுக்கு முதுகைக் காட்டி நேர் கீழே இறங்குவதால் துடிப்புகள் தெளிவாக விழும். பக்கவாட்டில் கேட்டால் அவை குழம்பிவிடும். இரண்டு அளவுகளையும் பொருத்தி 1991இல் அவர் வெளியிட்ட சூத்திரம் மிக எளிது. இடைவெளியின் மில்லிநொடிகளை 1.45 ஆல் பெருக்கி, 4.83ஐக் கூட்டுங்கள். மீட்டரில் விடை வந்துவிடும்.

இந்தக் கணக்கு கைக்கு வந்ததால் யாரும் போகாத இடத்திலும் திமிங்கலங்களை அளக்க முடிந்தது. நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் உதாரணம் இத்தாலியில் நடந்தது. சிசிலித் தீவின் கத்தானியா நகருக்கு அப்பால் 2,000 மீட்டர் ஆழத்தில், 2005இல் நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தேடும் ஆராய்ச்சியாளர்கள் நான்கு ஹைட்ரோஃபோன்களை இறக்கினார்கள். மிகுந்த ஆற்றலோடு வரும் நியூட்ரினோ நீரில் மோதினால் ஒரு நுண்ணிய ஒலித்துடிப்பு எழும் என்பது கோட்பாடு; அதைக் கேட்கும் முன் கடலடியில் இயல்பாக எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று பார்க்க நினைத்தார்கள். பதிவில் டக், டக். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக ஸ்பெர்ம் திமிங்கலங்கள் அந்த வழியே போய்வருவது தெரிந்தது. பின்னர் அதே பதிவுகளிலிருந்து துடிப்பு இடைவெளிகளை எடுத்து, போனவற்றில் பெண்கள், இளசுகள், பெரிய ஆண்கள் என்று நீளவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் பற்றி விவாதம் நடந்தபோது, மலையையும் நீரையும் பற்றி ஊர்மக்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்குப் பதில் சொல்லும் கடமை அறிவியலாளர்களுக்கு உண்டு. என்னை வருத்தியது, “நியூட்ரினோவைப் பிடித்து யாருக்கு என்ன லாபம்?” என்ற கேள்வி. என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த ஆய்வுக்கு மட்டும்தான் பணம் என்றால், கத்தானியாவின் திமிங்கலங்கள் இன்றும் யாருக்கும் தெரியாமலே போய்வந்துகொண்டிருக்கும். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2014இல் ஆர்க்டிக் பகுதிக் கடலில் ஹைட்ரோஃபோன் பொருத்திய மிதவைத் தொடரை நிறுவிய அனுபவம் கொண்டது. மன்னார் வளைகுடாவிலும் வங்கக்கடலிலும் இருபது, முப்பது ஆண்டுகள் விடாமல் கேட்கும் நிலையங்களுக்கு நிலையான நிதி வேண்டும். மூன்றாண்டுத் திட்டம், முடிந்ததும் கருவியைத் தூக்கிவிடுவது என்ற முறையில், எழுபது ஆண்டுகள் வாழக்கூடிய ஒரு விலங்கைப் புரிந்துகொள்ள முடியாது.

கேள்வி கேட்ட வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை நீங்களே செய்து பார்க்கலாம். பொதுவில் கிடைக்கும் ஒரு ஸ்பெர்ம் திமிங்கல ஒலிப்பதிவை நான் கணினியில் இறக்கி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். ஒரு சொடுக்கைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் தடித்த ஒற்றைக் கோடு மெல்லப் பிரிகிறது: முதலில் சிறியதாக ஒரு நெளிவு, அடுத்து நெடிதுயர்ந்த ஒன்று, பிறகு அதில் பாதி, அதிலும் பாதி. பல் தேய்ந்த சீப்பு மாதிரி. பதிவில் நொடிக்கு 44,100 புள்ளிகள். உச்சிக்கு உச்சி எண்ணினேன். 150 புள்ளிகள், அதாவது 3.4 மில்லிநொடி. பெருக்கிக் கூட்டினால் 9.8 மீட்டர். வளர்ந்த பெண்ணாக இருக்கலாம், இளம் ஆணாகவும் இருக்கலாம். அடுத்த சொடுக்கு, அதற்கடுத்தது என்று இருபது எண்ணியும் ஒன்றிரண்டு புள்ளிக்கு மேல் மாறவில்லை. பிறகு நடுவில் மெல்லிய இன்னொரு டக், டக் வந்து சேர்ந்துகொண்டது. தாளம் வேறு. அதையும் பெரிதாக்கி எண்ணினேன். 110 புள்ளிகள். எட்டரை மீட்டர்.