பெரியவன் பாத்துக்குவான்னு உயில்ல எழுதினா போதுமா?

ஸ்பெஷல் சைல்டு இருக்கிற அப்பா அம்மா உயில் எழுத வந்தா முக்காவாசி பேர் கேக்கிறது ஒண்ணுதான், "சார், வீடு, எஃப்டி எல்லாத்தையும் பெரியவன் பேருக்கே எழுதிடுங்க, சின்னவனை அவன் பாத்துக்குவான்". பெரியவன் தங்கமான புள்ளையாவே இருக்கட்டும். ஆனா உங்க காலத்துக்கு அப்புறம் அந்த வீடு அவனோட சொத்து, அவன் தொழில்ல நொடிச்சுப்போனா கடன்காரன் கோர்ட் மூலமா அதையும் ஜப்தி பண்ணலாம், தம்பிக்கு முன்னாடி அவன் போய்ட்டா அவன் மனைவி, பசங்களுக்குத்தான் போகும்.

"தம்பியை பாத்துக்கணும்"னு ஒரு வரி சேத்துட்டா சரியாகாதான்னு கேப்பாங்க. அந்த வரி பெரியவனை சட்டப்படி கட்டுப்படுத்தணும்னா அது டிரஸ்ட் ஆகணும், அதாவது ஒருத்தர் (டிரஸ்டி) சொத்தை தன் பேர்ல வச்சு இன்னொருத்தர் பலனுக்காக நடத்துற ஏற்பாடு. அதுக்கு 1882 டிரஸ்ட் சட்டம் 6வது பிரிவுல எந்த சொத்து, யாருக்கு, எதுக்குன்னு தெளிவா இருக்கணும்னு இருக்கு. சொத்தை குடும்பத்துலயே வச்சுக்குவான்னு நம்பி கொடுக்கிறேன்னு எழுதினா அது டிரஸ்டே ஆகாதுன்னு அந்த சட்டமே உதாரணம் போட்டு சொல்லுது.

அதனால உயிலுக்குள்ளயே டிரஸ்ட் வைங்க. பெரியவனையே டிரஸ்டியா போடுங்க, தப்பே இல்ல, கூட இன்னொருத்தரையும் போடுங்க. வீடு அவங்க பேர்ல இருக்கும், ஆனா பலன் சின்னவனுக்கு, டிரஸ்டியோட சொந்தக் கடனுக்கு அதுல கை வைக்க முடியாது. வாடகையும் வட்டியும் மருந்து, சாப்பாடு, பாத்துக்கிற ஆளுக்கு சம்பளம்னு எதுக்கெல்லாம் போகணும், சின்னவன் காலத்துக்கு அப்புறம் சொத்து யாருக்கு, தேவைப்பட்டா வீட்டை விக்கலாமா கூடாதா, எல்லாத்தையும் எழுதுங்க. இந்த டிரஸ்டிக்கு அப்புறம் யாருங்கிற பேரும் வேணும், இல்லன்னா கோர்ட்டுக்கு அலைய வேண்டி வரலாம். டிரஸ்டிக்கு சம்பளம் உண்டுன்னு நீங்க எழுதலன்னா பொதுவா அவர் கேக்க முடியாது. வெளியாள் ஒருத்தர் வருஷக்கணக்கா சும்மா கணக்கு பாப்பாருன்னு நான் நம்பல, அதனால ஒரு தொகை போட்டுடுங்க.

செலவுக்கு பயப்பட வேண்டாம். உயிலுக்கு ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது, ரெண்டு சாட்சி கட்டாயம், ரிஜிஸ்டர் பண்றது உங்க இஷ்டம் (நான் பண்ணிடுங்கன்னுதான் சொல்வேன்). மனசு மாறினா உயிரோட இருக்கிற வரைக்கும் மாத்திக்கலாம், செட்டில்மென்ட் (உயிரோட இருக்கும்போதே சொத்தை மாத்திக் கொடுக்கிற பத்திரம்) எழுதிக் கொடுத்துட்டா அது அவ்ளோ லேசா நடக்காது. வரி விஷயத்துல மட்டும் ஒரு வார்த்தை, உயில்ல வைக்கிறது ஒரே டிரஸ்டா இருந்தா அதுல ஒரு சலுகை உண்டு, புள்ளைக்கு ஒண்ணு பேரனுக்கு ஒண்ணுன்னு பிரிச்சா அது போகலாம், எழுதுறதுக்கு முன்னாடியே ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசிடுங்க.

இன்னொண்ணு, இந்த டிரஸ்ட் நீங்க போன பிறகுதான் உயிர் பெறும். நீங்க ஸ்ட்ரோக் வந்து படுத்துட்டா உயில் ஒரு உதவியும் பண்ணாது, அந்த கவலை இருந்தா இப்பவே தனியா ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கணும். அப்புறம் டிரஸ்டி பாக்கிறது பணத்தை, ஆளை பாத்துக்க கார்டியன் வேற. ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, மூளை வளர்ச்சி குறைபாடு இருக்கிற பசங்களுக்கு 18 வயசு ஆனதும் 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்டத்துல இருக்கிற லோக்கல் லெவல் கமிட்டிகிட்ட அதுக்கு மனு போடலாம், கலெக்டர் ஆபீஸ்ல விசாரிச்சா சொல்வாங்க.